பரிசோதனைக்கு வந்தவள்

மார்ச் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். படித்து முடித்துவிட்டுத் தூக்கி வைத்துக்கொள், விஷயம் அவசரம்.

இதைப் பல்கலைக்கழகத் தபால் பையில் போடுகிறேன், வேறு வழி இல்லை. உங்கள் விதை நிலையத்தில் இருக்கும் ஒரே போன் தலைவரின் மேஜைமேல் இருக்கிறது. அதில் கூப்பிட்டால் 'ம்', 'சரி', 'வைக்கட்டுமா' என்ற மூன்றைத் தவிர உன் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை. அந்த மலையில் செல்போனுக்கு சிக்னலும் கிடையாது.

ஊழியர்களின் மருத்துவத் திட்டத்துக்குச் செலவு எகிறிவிட்டது என்று இரண்டு வருடமாகப் பல்கலைக்கழக நிதிக் குழு, திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பிரிவின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. செலவு குறையவேண்டுமாம், ஆனால் சலுகை எதையும் குறைக்கக் கூடாதாம். சாப்பிடவும் வேண்டும், தட்டில் சோறு அப்படியே இருக்கவும் வேண்டும்! அதற்காக ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் கண்டுபிடித்த வழி என்னவென்றால், எல்லா ஊழியருக்கும் உடல் பரிசோதனை. செய்துகொண்டால் மாதச் சம்பளத்தில் திட்டத்துக்குப் பிடிப்பது குறையும். செய்துகொள்ளாவிட்டால் ஒன்றரை மடங்காகும்.

உங்கள் நிலையத்துக்குப் பதினெட்டாம் தேதி வண்டி வரும். ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், ஒரு நர்ஸ் அம்மா தனியாகத் திரைக்குப் பின்னால் உடம்பைத் தொட்டுப் பார்ப்பார். ஊசியைக் கண்டால் நீ சரிந்து விழுகிற ஆள் என்பது எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டிவிடு, இரண்டு நிமிட வேலைதான்.

விடுமுறைக்கு வருவாயா என்று உன் அண்ணன் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். ஆனால் உன் அறையில் ஃபேன் மாட்டியிருக்கிறார்.

அண்ணி

•

மார்ச் 7

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் படித்தேன்.

பரிசோதனையில் ஏதாவது தெரியவந்தால் அதை யார் யார் பார்ப்பார்கள்? தலைவருக்குப் போகுமா? பேர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். போன தடவையும் பேர் சொல்லவில்லை. அம்மா போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஊழியர் கூட்டத்தில் நிதி அலுவலர் எழுந்து நின்று, "ஒரே ஒரு ஊழியரோட தாயாருக்கு ஆன செலவு நம்ம திட்டத்தையே சாப்பிட்டுடுச்சு, பேர் சொல்ல விரும்பலை" என்றார். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நீங்கள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் நான் கேன்டீனில் தட்டை வைத்ததும் பக்கத்தில் இருந்தவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அம்மா மார்பில் கட்டியை ஒரு வருடம் மூடி மறைத்தாள், செத்தும் போனாள், அதற்கு மேல் எனக்கு இது.

அதனால்தான் கேட்கிறேன். பரிசோதனைக்கு வரவில்லை என்றால் என்ன ஆகும்? பிடித்தம் கூடுவது மட்டும்தானா? என் ஒப்பந்தம் அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது, ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி புதுப்பிப்புக்கான நேர்காணல். தலைவர் நேற்று குளிரறைக்கு வந்தவர், விதைப் பெட்டியைத் தட்டிக்கொண்டே, "முளைக்கிறதை வெச்சுப்போம், சொத்தையை வெளியே போடுவோம்" என்றார். விதையைச் சொன்னாரா ஆளைச் சொன்னாரா என்று தெரியவில்லை. சிரித்து வைத்தேன்.

ஒரு மாதிரிப் பயமாக இருக்கிறது. சும்மாதான்.

சுண்டு

•

மார்ச் 10

சுண்டுவுக்கு,

குனிந்து எழுதினேன், உண்மைதான். நிமிர்ந்தால் அந்த மண்டபத்தில் என் அழுகையையும் சேர்த்து எல்லாரும் வேடிக்கை பார்த்திருப்பார்கள். அத்தைக்கு மூன்று மாதம் தலை வாரிவிட்டவள் நான். நீ என்னவோ நான் பேனாவுக்கு மை நிரப்பிக்கொடுத்த மாதிரி எழுதுகிறாய்.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். பரிசோதனை முடிவு பல்கலைக்கழக மருத்துவருக்கும் அவரவருக்கும் மட்டும்தான் போகும். தலைவருக்குப் போகாது, நான் சத்தியம் செய்கிறேன். ஆனால் வராதவர்களின் பெயர் தலைவர்களுக்குப் போகும். 'ஊக்கப்படுத்துவதற்காக' என்று ஆலோசகர் சொன்னார். இது ஊக்கமில்லை, காட்டிக்கொடுப்பது என்று நான் சொன்னேன். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எதற்கு இத்தனை கேள்வி? உடம்புக்கு ஏதாவது என்றால் என்னிடம் சொல்லமாட்டாயா? கல்லுமாதிரி இருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி எழுது. அது போதும், உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

அண்ணி

•

மார்ச் 21

அண்ணிக்கு,

கல்லுமாதிரி இருக்கிறேன். கேட்ட வரி வந்துவிட்டதா?

வண்டி வந்தது, எல்லாம் ஆயிற்று. என் பேருக்கு நேரே டிக் போட்டார்கள். இனிமேல் பிடித்தத்தைக் குறைத்துவிடச் சொல்லுங்கள். ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் பாலும் கொடுத்தார்கள். பிஸ்கட்டை நெட்டையக்கா சாப்பிட்டாள். சமையற்கட்டில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறாளே, குளிரறைக் கதவில் தினம் ஒரு தடவை தலையை இடித்துக்கொள்வாள் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அவள்தான். சமையற்கட்டு ஆட்கள் யாருக்கும் நம் திட்டம் கிடையாது, அதனால் பரிசோதனையும் கிடையாது.

குளிரறையில் ஒரு மோட்டார் கெட்டுப்போய் இரண்டு நாள் அல்லாடினோம். இப்போது சரியாகிவிட்டது. எனக்கு ரொம்ப நிம்மதியாக இருக்கிறது. அண்ணனிடம் ஃபேன் சத்தம் போடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சுண்டு

•

ஏப்ரல் 4

சுண்டு,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

உனக்கு உடனே தகவல் சொல்ல வழியில்லாமல் மருத்துவர் இன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உன் ரத்தத்தில் கிரியாட்டினின் மிகவும் அதிகமாக இருக்கிறதாம். சிறுநீரகம் இரண்டும் பெரும்பாலும் வேலை செய்யவில்லை என்றார். அவர் காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார், எனக்கு எழுத்து எதுவும் தெரியவில்லை. "உங்க நாத்தனாருக்கு வாந்தி, மூச்சு வாங்கறது, கால் வீக்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். கல்லுமாதிரி இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள் டாக்டர் என்றேன். "சில பேருக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. இந்த வாரமே வரச் சொல்லுங்க" என்றார்.

உடனே போன் செய்தேன். உங்கள் தலைவர்தான் எடுத்தார். "குளிரறைல இருக்காங்க, என்ன விஷயம்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றார். ஒன்றுமில்லை, ஃபேன் மாட்டியாயிற்று என்று சொல்லச் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அத்தையை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு அவர் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறிவிடு. செலவைப் பற்றி ஒரு வார்த்தை யோசித்தாயானால் அங்கேயே வந்து அறைவேன். திட்டம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, நான் இருக்கிறேன்.

அண்ணி

•

ஏப்ரல் 7

அண்ணிக்கு,

பதற வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை. மெஷின் தப்பாகக் காட்டியிருக்கும், இல்லை புட்டி மாறியிருக்கும். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அண்ணனிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

நேர்காணல் வரைக்கும் என்னால் வர முடியாது.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். இந்த வியாதி வந்தவர்களுக்குச் சாயங்காலம் செருப்பு போட முடியாத அளவுக்குக் கால் வீங்குமா? சாப்பாட்டு வாசனையே பிடிக்காமல் போகுமா? இப்போது கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்வார்களா? எத்தனை நாள் தாங்கும்? திட்டத்தில் இல்லாத ஒருத்தருக்கு இந்த வியாதி வந்தால் எங்கே போவார்கள்? இதற்கெல்லாம் மட்டும் பதில் எழுதுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.

சுண்டு

•

ஏப்ரல் 11

சுண்டு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இன்று மதியம் சாப்பாட்டு அறையில் உங்கள் நிலையத்துக்கு வந்த நர்ஸ் அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்கிறாராம். "உங்க நாத்தனார் தைரியசாலிங்க. ஊசி குத்தும்போது சிரிக்கிறாங்க. எவ்வளவு உயரம்! கூடாரத்துல நுழையறதுக்கே குனிஞ்சாங்க. எனக்கு ஒரு பாட்டு வேற பாடிக் காட்டினாங்க" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நீயாவது, குனிவதாவது! வீட்டு அலமாரியின் மேல்தட்டுக்கு இன்றைக்கும் முக்காலி போடுகிறவள் நீ. ஊசியைப் பார்த்து சிரித்தாளாம், பாடினாளாம். வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று வாயெடுத்தேன். அப்புறம்தான் உன் போன கடிதம் ஞாபகம் வந்து கை அப்படியே நின்றது. நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

அது யார் ரத்தம்டி? நீ கேட்ட வீங்கின கால் யாருடையது? பிஸ்கட் சாப்பிட்டாளே, அவளா?

அவள் யாராகவும் இருக்கட்டும். நீ ஏன் போகவில்லை? ஊசிக்குப் பயந்து என்று மட்டும் எழுதாதே. திரைக்குப் பின்னால் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நான் எழுதினேன் அல்லவா, அன்றிலிருந்து உன் கடிதத்தின் போக்கே மாறியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன்.

உண்மையைச் சொல். யாரிடமும் சொல்லமாட்டேன்.

அண்ணி

•

ஏப்ரல் 15

அண்ணி,

இடது பக்கம். அம்மாவுக்கு இருந்த அதே பக்கம். ஜனவரியில் குளிக்கும்போது கையில் பட்டது. ஒரு பயறு அளவு இருந்தது. இப்போது எவ்வளவு என்று தெரியவில்லை, நான் அந்தப் பக்கம் சோப்புப் போடுவதையே நிறுத்திவிட்டேன். வலிக்கவில்லை. அம்மாவும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னாள்.

நேர்காணல் முடியட்டும், ஒப்பந்தம் கையில் வரட்டும், அப்புறம் போய்க் காட்டலாம் என்று இருந்தேன். வேலை போனால் அட்டையும் போகும், அப்புறம் கட்டியை வைத்துக்கொண்டு நான் எங்கே நிற்பது? அதற்குள் உங்கள் வண்டி வந்துவிட்டது. போனால் நர்ஸ் கண்டுபிடிப்பாள், போகாவிட்டால் பேர் தலைவருக்குப் போகும். இரண்டு நாள் தூக்கமே இல்லை. நெட்டையக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஊசிக்கா இவ்வளவு நடுங்கறே? உன் பேரைச் சொல்லி நான் போட்டுக்கிட்டு வரேன். எனக்கெல்லாம் யார் வந்து பார்க்கப் போறாங்க, இப்படியாவது ஒருதடவை பார்த்துக்கறேன்" என்றாள். அவளுக்கு என் கட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அட்டையில் இருக்கும் போட்டோ பழசு, அழிந்துபோய் யார் மூஞ்சி என்றே தெரியாது. அனுப்பிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று சமையற்கட்டு வாசலில் போய் நின்றேன். முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நின்னு நின்னு கால் இப்படி ஆயிடுச்சு" என்று என்னிடம் காட்டிச் சிரித்தாள். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னால் ஆள்மாறாட்டம் வெளியே வரும். எனக்கு வேலை போகும். அவளுக்கும் போகும். சொல்லாவிட்டால் அவள் செத்துப்போவாள். பகல் முழுக்க அவள் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறேன் அண்ணி. எனக்குப் பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது, வேறெதுவும் எழுத வரவில்லை.

சுண்டு

•

ஏப்ரல் 18

என் கண்ணே,

திட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை. நான் சொல்வதை அப்படியே செய்.

அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடு. பரிசோதனை முடிவு என்று சொல்லாதே. கால் வீக்கம் சரியில்லை, சிறுநீரகமாக இருக்கலாம், பொது மருத்துவமனைக்குப் போய்ப் பார் என்று மட்டும் சொல். ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். அங்கே காசு கேட்கமாட்டார்கள், காத்திருக்கத்தான் வேண்டும்.

நான் மருத்துவரிடம் போய், ரத்தப் புட்டி மாறியிருக்கலாம், நாத்தனாருக்கு மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். நீ சத்தமில்லாமல் வந்து உன் ரத்தத்தைக் கொடு. அதே கையோடு அந்தக் கட்டியையும் காட்டிவிடலாம். ஆள் மாறியது யாருக்கும் தெரிய வேண்டாம். இது தப்பு என்று எனக்குத் தெரியும். மாசாமாசம் மற்றவர்களின் கிளெயிமில் இதே மாதிரித் தப்பைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவள் நான். இந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் யார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தூக்கிவாரிப் போடுகிறது.

நேர்காணலாவது மண்ணாவது. புதன்கிழமை வண்டியில் நீ வரவேண்டும். வரவில்லை என்றால் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மிரட்டல் என்றே வைத்துக்கொள்.

அண்ணி

•

ஏப்ரல் 22

அண்ணி,

இந்தக் கடிதத்தைப் பையில் போடவில்லை. கொண்டுவருகிறவளே நெட்டையக்காதான். நீங்கள் இதைப் பிரிக்கும்போது அவள் உங்கள் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள், நிற்க முடிந்தால்.

நீங்கள் சொன்ன மாதிரி மழுப்பத்தான் பார்த்தேன், வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கட்டியை மட்டும் சொல்லவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காலைப் பார்த்தாள். "அதான் செருப்பு ஏறலையா" என்றாள். பிறகு கேட்டாள்: "உன் பேர்ல எழுதியிருக்கா? அப்போ உன் பேர்லயே வைத்தியமும் பண்ணுவாங்களா?" பஸ் இந்த வழியாகப் போகுமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். பொது மருத்துவமனையில் அவளுடைய வீட்டுக்காரர் வரிசையில் காத்திருந்தே போனவர். அங்கே போகமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

இன்று காலை அடுப்பு முன்னால் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு வாங்குகிறது, வாயில் நுரை மாதிரி வருகிறது. டிரைவரும் நானும் தூக்கி வண்டியில் உட்கார வைத்தோம். அந்த வண்டியில் நான் வருவதாக இருந்தது, பையெல்லாம் கட்டி வைத்திருந்தேன். என் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். என் பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறாள். என் பிறந்த தேதியை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறாள்.

ஒரே பேரில் இரண்டு பேர் வந்து இறங்க முடியாது. அதனால் நான் வரவில்லை. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். எனக்கு யாரும் இல்லை. கட்டி கொஞ்ச நாள் பொறுக்கும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அட்டை கையை விட்டுப் போனதும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. டாக்டர் முன்னால் போய்ச் சட்டையை அவிழ்க்க வேண்டாம், அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று ஒரு நிம்மதி. அவளுக்காகக் கொடுத்தேனா, இதற்காகக் கொடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அதை நினைத்தால்தான் கட்டியைவிடப் பயமாக இருக்கிறது.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டு

•

ஏப்ரல் 23

சுண்டு,

உன் கடிதத்தைப் பிரிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. வண்டி அலுவலக வாசலுக்கு வரவில்லை, நேரே மருத்துவமனைக்குப் போய்விட்டது. டிரைவர் எனக்குப் போன் செய்து, "உங்க நாத்தனார் அட்டையை வெச்சிருக்காங்க, ஆனா இது உங்க நாத்தனார் இல்லையேம்மா" என்றார். அப்படியே பேசாமல் இருங்கள் அண்ணே என்று கெஞ்சிவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் அறுந்துபோய்விட்டது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த நர்ஸ் அம்மா வேறு அங்கே வந்து நின்று, "நான் சொன்னேன்ல டாக்டர், நல்லா சிரிப்பாங்க, பாவம்" என்கிறார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவள் உன் பிறந்த தேதியைச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி சொன்னாள். மருத்துவர் கையில் அட்டையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உடனே டயாலிசிஸ் போடணும். சொந்தக்காரங்க நீங்கதானே? இவங்கதான் உங்க நாத்தனாரா?"

ஆமாம் என்றேன்.

நான் யோசிக்கவில்லை சுண்டு. ஒரு நொடி யோசித்திருந்தாலும் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். கையெழுத்துப் போட்டேன், உறவு என்று கேட்ட இடத்தில் நாத்தனார் என்று எழுதினேன். அவள் பிழைத்துவிட்டாள். சாயங்காலம் கண் விழித்து, "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்" என்றாள். இனி வாரத்துக்கு மூன்று தடவை அவளுக்கு இதைச் செய்யவேண்டுமாம், ஆயுள் முழுக்க.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான், அவள் மடியிலிருந்து எடுத்த உன் கடிதத்தைப் படித்தேன். படித்த பிறகுதான் நான் செய்தது என்ன என்று உறைத்தது. இந்த மருத்துவமனையில் நீ ஏற்கெனவே படுத்திருக்கிறாய். உன் பேர், உன் தேதி, உன் அட்டை எல்லாம் மூன்றாவது மாடியில் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் அவளுக்குப் போட்டிருக்கும் குழாயைக் கழற்றுவார்கள். சொல்லாவிட்டால் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட உனக்கு இங்கே பேர் இல்லை. குழு அடுத்த திங்கட்கிழமை கூடுகிறது. இந்த மாதம் எந்தச் செலவு ஏறியது என்று நான்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

ஆனால் நீ எழுதிய ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். யாரும் இல்லை என்றாயே, அதை. நீ அட்டையைக் கொடுத்தது நல்ல காரியம்தான். அதை வைத்துக்கொண்டு நீ ஒளிந்துகொள்ளப் பார்க்கிறாய். அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்த கை அந்தப் பக்கம் சோப்புப் போடப் பயப்படுகிறது. கட்டி பொறுக்குமா பொறுக்காதா என்று சொல்ல நீ யார்? அதை டாக்டர் சொல்லட்டும்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி நாளைக் காலைதான் என்று இரண்டு தடவை சொன்னேன், கழற்றமாட்டேன் என்கிறார். இதை உன் கையில் கொடுக்கப்போவது அவர்தான். அவரிடம் எதுவும் விளக்க வேண்டாம், வண்டியில் ஏறு.

நான் மருத்துவமனை வாசலில் நிற்பேன். கவுண்டரில் பேர் கேட்பார்கள். நீ வாயைத் திறக்காதே, நான் சொல்கிறேன். என்ன சொல்லப்போகிறேன் என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. நீ வந்துவிடு.

அண்ணி